லீவர் எந்தப் பக்கம் இருந்தது?

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நீ அனுப்பிய மாதிரித் துப்பாக்கி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். விசையை ஒரே ஒரு தடவை அழுத்தினேன்டா, மூன்று குண்டு போனது! கூட வந்த கையேட்டைப் படிக்கவில்லையா என்று கேட்பாய். அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். படிப்பது வேறு, கையில் நடப்பது வேறு. பதினாறு வருஷமாக இந்தக் காவல் படையின் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சுடக் கற்றுக்கொடுக்கிறேன். எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு நின்று போனது. பின்னால் நின்ற கமாண்டர் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார், அது ஏதோ பறந்து போகிற மாதிரி. சிலருக்குத் தும்மல் வந்தால் மூன்றாகத்தான் வருமே, அந்த மாதிரி இருக்கிறது சத்தம். எங்கள் ஆட்கள் அதற்குத் ‘தும்மல்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். கைப்பிடி உள்ளங்கைக்குள் ஒழுங்காக உட்காருகிறது. மேகசினில் இருபது குண்டு என்பது பெரிய விஷயம். முன்னால் மடக்கி வைத்த சின்னப் பிடியை இறக்கிவிட்டால் இடது கைக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. உறையையே கழற்றிப் பின்னால் மாட்டித் தோள்கட்டையாக்கிக்கொள்ளலாம் என்பதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

குறை இதுதான். அந்தத் தோள்கட்டையை மாட்டினால்தான் மூன்று குண்டு வரும் என்று ஏன் வைத்திருக்கிறாய்? மாட்டாவிட்டால் லீவர் நடுவோடு நின்றுவிடுகிறது, ஒன்று ஒன்றாகத்தான் சுடுகிறது. கமாண்டருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

மாமாவுக்கு இடுப்பு வலி தேவலை. போனில் கேட்டுக்கொள்ளலாம் என்றால் உங்கள் தொழிற்சாலையில் இருப்பதே ஒரு போன், அதுவும் மேலாளர் மேஜையில். அதனால் பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ திட்டினாலும் கைப்பிடியைப் பாராட்டியிருக்கிறாய், அந்த வரியை மட்டும் பட்டறையில் வாசித்துக் காட்டினேன்.

தோள்கட்டை விஷயத்தைப் பொறுமையாகக் கேள். இவ்வளவு சின்னத் துப்பாக்கி விடாமல் சுட்டால் கையில் நிற்காது, எம்பிக்கொண்டு மேலே போகும். ஒன்றரை விநாடியில் மேகசினும் காலி. அதனால்தான் உள்ளே எண்ணுகிற ஒரு சின்னப் பல்சக்கரம் வைத்தோம். நீ விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாலும் மூன்றோடு அதுவே நிறுத்திவிடும். குழாயின் நுனியில் மேல்பக்கம் வெட்டு வெட்டாக இருக்கிறதே, அதன் வழியாகப் புகை மேலே சீறி மூக்கைக் கீழே அழுத்தும். இவ்வளவு செய்தும் கையால் மட்டும் பிடித்தால் போதவில்லை. தோளில் கட்டையை ஊன்றினால் பத்து எட்டு நடக்கிற தூரத்தில் மூன்று குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றன. கட்டை இல்லாமல் சுட்டுப் பார்த்தேன். முதல் குண்டு இலக்குப் பொம்மையின் நெஞ்சில், இரண்டாவது நெற்றியில், மூன்றாவது எங்கள் சுடுகூடத்தின் கூரையில். கூரைத் தகடு ஒன்றை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அதனால் தோள்கட்டையின் முனையில் ஒரு நாக்கு வைத்தேன். அது கைப்பிடிக்குப் பின்னால் இருக்கிற துளைக்குள் போனால்தான் லீவர் கடைசிவரை கீழே இறங்கும். மேலே தள்ளினால் லாக், நடுவில் ஒன்று, கீழே மூன்று. நாக்கு இல்லாவிட்டால் கீழே என்பதே கிடையாது. வேண்டுமென்றே வைத்ததுதான் அக்கா. அதை எடுக்கக் கூடாது.

மாமாவைக் கட்டாந்தரையில் படுக்கச் சொல்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

கூடாதாம். யாரிடம் பேசுகிறாய் என்று தெரிந்துதான் பேசுகிறாயா?

காருக்குள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார். பின் சீட்டில் காப்பாற்ற வேண்டிய பெரிய மனிதர், அவருக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். முழங்கை மடக்க இடம் கிடையாது. எவனோ வந்து கண்ணாடியை உடைக்கும்போது எங்கள் ஆள் துப்பாக்கியை எடுத்து, இடுப்பிலிருந்து உறையைக் கழற்றி, அதைத் திருப்பி, பின்னால் மாட்டி, நாக்கு துளைக்குள் போனதா என்று பார்த்து… அதற்குள் வந்தவன் டீ குடித்துவிட்டு வந்து சாவகாசமாகச் சுடுவான். ஒரு கார் நீளத்துக்குள் நடக்கிற வேலைக்கு மூன்றாவது குண்டு கூரைக்குப் போனால் என்ன, ஆகாயத்துக்குப் போனால் என்ன?

இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. இங்கே துப்பாக்கி ஷிப்ட் மாறும்போது குண்டு நிறைத்தபடியேதான் கை மாறும், அடுத்த ஆள் அப்படியே வாங்கிக்கொண்டு காரில் ஏற வேண்டும். ஆயுத அறை ஜன்னலுக்கு உள்ளே ரெஜிஸ்டர் அண்ணன் உட்கார்ந்து நம்பர் எழுதுவார். “தூங்குதா?” என்று கேட்பார். பழைய துப்பாக்கியில் லீவரைக் கீழே தள்ளினால் லாக். நாங்கள் கீழே தள்ளி, ஜன்னலுக்கு அடியில் இருக்கிற மணல் பீப்பாய்க்குள் மூக்கை வைத்து விசையை ஒரு அழுத்து அழுத்தி, சத்தம் வராததைக் காட்டி, “தூங்குது” என்று சொல்லிக் கொடுப்போம். நான் சேர்ந்த வருஷம் லாக் தேய்ந்துபோன ஒன்று பைக்குள் வெடித்ததும் நான் போட்ட விதி இது. லாக் கெட்டிருந்தாலும் குண்டு மணலுக்குள்தான் போகும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. இந்த விதியை என்னிடம் படித்தவர்கள் போன இடத்துக்கெல்லாம் கொண்டு போயிருக்கிறார்கள்.

உன் தும்மலை அங்கே கொண்டு போனால் லீவர் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. கட்டைவிரல் தள்ளுகிறது, அது முறைத்துக்கொண்டு நிற்கிறது. ரெஜிஸ்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “என்னம்மா, உன் தம்பி பிள்ளை தூங்க அடம்பிடிக்குதா?” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்புறம்தான் ஞாபகம் வந்து மேலே தள்ள வேண்டியிருக்கிறது.

அந்த நாக்கை எடுத்துவிடு. கமாண்டர் எப்படியும் உங்கள் மேலாளருக்கு எழுதப் போகிறார். அவர் எழுதி நீ செய்வதைவிட நான் கேட்டுச் செய்தாய் என்று இருக்கட்டும். எனக்காக.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

செய்துவிட்டேன். உங்கள் கமாண்டரின் கடிதம் வந்ததும் மேலாளர் மகிழ்ந்துபோனார், வாங்குகிறவர்களே கேட்கிறார்கள் என்றால் நமக்கென்ன என்றார். நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. மூடிக்கொண்டேன்.

இப்போது தோள்கட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் லீவர் மூன்று இடத்துக்கும் போகும். மேலே லாக், ஒரு வெள்ளைக் கோடு. நடுவில் ஒரு புள்ளி. கீழே மூன்று புள்ளி. ‘தோள்கட்டை இல்லாமல் மூன்று குண்டு சுடும்போது இரண்டு கையாலும் இறுகப் பிடிக்கவும்’ என்று கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் உன் ஆட்களுக்கு உரக்கப் படித்துக் காட்டு.

உங்களுக்கு நாற்பது துப்பாக்கி மே மாதம் வரும். மற்ற படைகளுக்கு அறுநூறு. உன் பேச்சைக் கேட்டுச் செய்தது ஒன்று ஊரெல்லாம் போகிறது, சந்தோஷம்தானே?

தம்பி


மே 17

தம்பிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ரெஜிஸ்டர் அண்ணன் செத்துப்போய்விட்டார். உன் துப்பாக்கிதான்.

புதன்கிழமை மதியம். பெட்டி பிரித்து, எண்ணெய் துடைத்து, காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பு நடந்தது. மேலே லாக், நடுவில் ஒன்று, கீழே மூன்று என்று எல்லோரும் ஒப்பித்தார்கள். உன் பதினான்காம் பக்கத்தையும் உரக்கப் படித்தாயிற்று. அப்புறம் ஜன்னலில் ஒப்படைக்கிற முறை. மணல் பீப்பாய்க்குள் மூக்கு வைத்து விசை அழுத்தப்பட்டது. லாக் போட்டிருந்தது. லாக் போட்டிருந்தும் வெடித்துவிட்டது. மூன்று. முதல் குண்டு மணலில். இரண்டாவது பீப்பாய் விளிம்பில் பட்டு எங்கேயோ போனது. மூன்றாவது ஜன்னலுக்குள்.

அவர் நம்பர் எழுதக் குனிந்திருந்தார். கண்ணாடி மேஜை மேலேயே இருந்தது, அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. ரெஜிஸ்டரில் ஏழு இலக்கத்தில் நான்கு எழுதியிருந்தார்.

கமாண்டர் கால் மணி நேரத்தில் அறிக்கை எழுதிவிட்டார். லாக் பழுது, தயாரிப்புக் குறை என்று. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். உனக்கு முன்னாலேயே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்குக் காதில் இன்னும் இரைந்துகொண்டே இருக்கிறது. மாமா பேசுவது உதடு அசைவதாகத்தான் தெரிகிறது.

என்னடா செய்து வைத்திருக்கிறாய்?

அக்கா


மே 29

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசல் காவலாளி என் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். தினமும் எனக்கு வணக்கம் சொல்கிற ஆள். அட்டையை வாங்கிக்கொண்டும் பழக்கத்தில் வணக்கம் சொன்னார், அப்புறம் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். ஒரு மனிதர் செத்துப்போனார் என்பதை எழுத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. நீ எழுதின ஒரு கேலிதான் தெரியும்.

விசாரணை முடியும்வரை பட்டறைக்குள் போகக் கூடாது. ஆனால் விசாரணை அதிகாரி முன்னால் வைத்துச் சோதித்துக் காட்ட ஒரு நாள் விட்டார்கள். லாக் போட்டு விசையை அழுத்தினேன். நான்காயிரம் தடவை. விரல் தோல் உரிந்துவிட்டது. தூக்கிக் கீழே போட்டேன், சுத்தியலால் தட்டினேன், மணலில் புரட்டினேன். ஒரு தடவைகூட வெடிக்கவில்லை. அதிகாரி, “நல்லதா ஒண்ணைத் தேடி எடுத்துக்கிட்டு வந்திருப்பீங்க” என்றார்.

அக்கா, ஒன்றை யோசித்துப் பார். லாக் வழுக்கியிருந்தால் லீவர் மேலேயிருந்து நடுவுக்குத்தான் வரும். நடுவில் ஒன்றுதான் சுடும். நீ மூன்று என்கிறாய். மூன்று என்றால் லீவர் அடிவரை போயிருக்க வேண்டும். அது தானாகப் போகாது, யாராவது தள்ளித்தான் போக வேண்டும்.

உன் கடிதத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். ‘வகுப்பு நடந்தது’ என்கிறாய், ‘விசை அழுத்தப்பட்டது’ என்கிறாய். ஒரு ஆள்கூட இல்லை அந்தக் கடிதத்தில். யார் அழுத்தினார்கள்? லீவர் எந்தப் பக்கம் இருந்தது? இதை மட்டும் எழுது. எனக்காகக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எனக்காக மட்டுமில்லை. அறுநூறு துப்பாக்கி வெளியே போயிருக்கிறது. இவர்கள் லாக்கைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோளாறு அங்கே இல்லை என்றால் வேறு ஏதோ ஒரு ஜன்னலில் இன்னொருவர் சாவார்.

தம்பி


ஜூன் 5

தம்பிக்கு,

போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்டு எழுதாதே. இங்கே விசாரணைக்கு வந்தவர்கள் கேட்பதே போதும்.

தினமும் வேலை முடிந்ததும் அண்ணி வீட்டுக்குப் போகிறேன். ரெஜிஸ்டர் அண்ணனின் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கொடியில் அவர் சட்டை இரண்டு இன்னும் தொங்குகிறது, எடுக்க விட மாட்டேன் என்கிறார். நான் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, “நீயாவது வர்றியேம்மா” என்கிறார். அப்புறம் உன்னைச் சபிக்கிறார். உன் பேர் தெரியாது, ‘அதைச் செஞ்சவன்’ என்கிறார். அவன் கை விளங்காமல் போகட்டும், அவன் கண் முன்னால் அவன் வீட்டில் ஒரு சாவு விழட்டும் என்கிறார். அவன் என் தம்பிதான் என்பதும் தெரியும். “உன்னை ஒண்ணும் சொல்லலம்மா, நீ என்ன செய்வே” என்கிறார்.

எனக்கு எதுவும் சரியாக ஞாபகம் இல்லை. அறிக்கையில் என்ன இருக்கிறதோ அதுதான். இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

அக்கா


ஜூன் 16

அக்கா,

நீ எழுதாதே என்றாலும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னொரு படையிலிருந்து தந்தி வந்தது. உங்களுக்கு நானூறு மைல் தள்ளி இருக்கிற படை. அதே மணல் பீப்பாய். அதே ஜன்னல். மூன்று குண்டு. உட்கார வேண்டிய ஆள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்ததால் நாற்காலியின் முதுகு மட்டும் சிதறியது. அழுத்தியவர் இருபத்து மூன்று வயதுப் பெண். எதையும் மறைக்காமல் அங்கேயே சொல்லிவிட்டார். “கீழே தள்ளினேன் சார். கீழேன்னா லாக்தானே? அப்படித்தானே ஒன்பது மாசம் சொல்லிக்கொடுத்தாங்க?” என்று கேட்டாராம். புதுத் துப்பாக்கியில் மேலே என்று காலையில்தான் ஒப்பித்திருக்கிறார். விரல் மட்டும் ஒப்பிக்கவில்லை.

விசாரணை அதிகாரி இதை என்னிடம் வாசித்தபோது உன் பழைய கடிதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மார்ச் இரண்டாம் தேதி நீ எனக்கு எழுதியிருக்கிறாய். பழைய துப்பாக்கியில் கீழே லாக் என்று. கட்டைவிரல் தானாகக் கீழே தள்ளுகிறது என்று. லீவர் முறைத்துக்கொண்டு நிற்கிறது என்று. அந்த நாக்கு இருந்ததால்தான் அது முறைத்தது அக்கா. நான் கூரையைக் காப்பாற்ற வைத்த நாக்கு, எனக்கே தெரியாமல் உங்கள் விரலிடமிருந்து உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைத் தொல்லை என்று நீ எழுதினாய். அதை நான் படித்தேன், சிரித்தேன், நாக்கை எடுத்தேன். இரண்டு பேர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவர் உன்னிடம் படித்தவர்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதிதாக ஒன்று வந்தால் ஜன்னலில் முதலில் செய்து காட்டுவது யார் என்று எனக்குத் தெரியும், பதினாறு வருஷமாக அது யார் வேலை என்றும் தெரியும். நீதான் அழுத்தினாயா?

தம்பி


ஜூன் 20

தம்பி,

நான்தான்.

இரண்டு மணி நேரம் நின்றபடி மேலே லாக், மேலே லாக் என்று கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. பிறகு ஜன்னலுக்குப் போனோம், நாற்பது பேர் சுற்றி நிற்கிறார்கள். அண்ணன், “தூங்குதா?” என்றார். பதினாறு வருஷமாக அந்தக் கேள்விக்கு என் கட்டைவிரல் என்ன செய்யுமோ அதைச் செய்தது. எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. “தூங்குது” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். சுடப் போகிறோம் என்று தெரிந்தால் இறுகப் பிடித்திருப்பேன். ஒன்றும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்த கை, அது பாட்டுக்கு மேலே போய்விட்டது.

கமாண்டர் அறிக்கை எழுதியபோது நான் பொய் சொல்லவில்லை, இதை மட்டும் நம்பு. லாக் போட்டிருந்தேன் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். மே பதினேழாம் தேதி உனக்கு எழுதும்போதும் அப்படியே நினைத்தேன். ஆள் இல்லாமல் எழுதியது வெட்கத்தில், அவ்வளவுதான். மே பத்தொன்பதாம் தேதி விசாரணை மேஜையில் அந்தத் துப்பாக்கியை அடையாளச் சீட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். லீவர் கீழே இருந்தது. மூன்று புள்ளி. அங்கே இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள், யாருக்கும் அது ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அவர்கள் எல்லோருடைய விரலுக்கும் கீழே என்றால் லாக்தான். கமாண்டரே விரலால் காட்டி, “பாருங்க, லாக் போட்டபடியே இருக்கு” என்றார். அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு மாதம். நீ வேலை இழந்தது தெரியும். நான்காயிரம் தடவை அழுத்தினேன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் காகிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். வேலை போய்விடும், ஜெயிலுக்குப் போவேன், மாமாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் இல்லைடா. சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் விரல் தப்பு செய்தது என்று நாற்பது பேருக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு அற்பமான காரணம்.

அந்தப் பெண் இருபத்து மூன்று வயதில் அங்கேயே சொல்லிவிட்டாள். உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முதலில் அண்ணி வீட்டுக்குத்தான் போனேன். வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. சொன்னேன். லீவர் எது, மேலே எது கீழே எது என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி கையால் காட்டிச் சொன்னேன். நாக்கை எடுக்கச் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். அவர் அழுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார். “ஒரு மாசமா உன் தம்பியைச் சபிச்சிருக்கேனே” என்றார். “நீ பக்கத்துலயே உக்காந்து தலையாட்டினியேம்மா. அதை நான் இப்போ எப்படித் திருப்பி வாங்குறது?”

தலையாட்டினேன், உண்மைதான். போன கடிதத்தில் அதை நான் உனக்கு எழுதவில்லை.

அங்கிருந்து நேராக இங்குள்ள விசாரணை அதிகாரியிடம் போனேன். நடந்தது எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அறுநூற்று நாற்பதையும் உடனே திரும்ப வாங்கச் சொல்லித் தந்தி போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீ எழுதிய கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். நான் உனக்கு எழுதியவற்றுக்கு நகல் வைத்திருக்கிற ஆள் நான் இல்லை, அதனால் நீ வைத்திருப்பவற்றைக் கேட்பார்கள், கொடு. கூரைத் தகடு பற்றி நீ எழுதினது, வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினது, எதையும் நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. உன்னைக் காப்பாற்ற ஒன்றை ஒளித்தால் மறுபடி அதே புத்திதான்.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது, கோபப்படாதே. சின்ன வயதிலிருந்து நான் கேட்டு நீ இல்லை என்று சொன்னதே கிடையாது. இந்த ஒரு தடவை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அக்கா


ஜூலை 8

அக்கா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், ‘அக்கா’ என்று எழுதுவேன், எழுந்துவிடுவேன். நீ ஒரு மாதம் பேசாமல் இருந்தாய் என்பதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. என் விரலில் தோல் இப்போதுதான் மூடியிருக்கிறது. சிதறிப்போன அந்த நாற்காலியில் ஆள் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. மன்னித்தேன் என்று எழுத மாட்டேன், எழுதினால் அது உனக்கே தெரிந்துவிடும்.

அறுநூற்று நாற்பதில் அறுநூற்று முப்பத்தெட்டு வந்து சேர்ந்துவிட்டன. மீதி இரண்டு விசாரணையில் இருக்கின்றன. என்னை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள், அட்டை தரவில்லை, வேலையை மட்டும் தந்தார்கள். நாக்கை மறுபடி வைக்கிறேன். லாக்கைக் கீழேயும் மூன்றை மேலேயும் மாற்றுகிறேன். அதைச் செய்ய ஒரே ஒரு மதியம்தான் ஆனது. வரைபடத்தை முடித்துவிட்டு அதன் மேலேயே தலையை வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு மதியம் அக்கா.

கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டு அதிகாரி என்னைக் கேட்டார். “பிப்ரவரியில ‘எடுக்கக் கூடாது’ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஏப்ரல்ல எடுத்திருக்கீங்க. நடுவுல என்ன தெரிஞ்சது உங்களுக்கு?” புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றேன். “அப்புறம் ஏன்?” என்றார். அக்கா கேட்டாள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதை எப்படி எழுதிக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

நீ கேட்டதற்கும் அதுதான் பதில். ஒரு தடவை சொன்னேன் அக்கா. பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி எழுத்திலேயே சொன்னேன். அப்புறம் அதை நானே அழித்தேன்.

நேற்று எனக்கு இன்னொரு கடிதம் வந்தது. அனுப்பியவர் உன் அண்ணி. விலாசத்தை விசாரணை அலுவலகத்தில் வாங்கியிருக்கிறார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், அதனால் அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

‘உங்கள் அக்கா வந்து எல்லாம் சொன்னார். அதற்கு முன்னால் உங்களை நிறையச் சபித்துவிட்டேன். ஆள் தெரியாமல் சபித்தது தப்பு, எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். விசாரணையில் உங்கள் கடிதங்களை வாசித்தார்கள், நானும் உட்கார்ந்து கேட்டேன். அந்த நாக்கை எடுக்கக் கூடாது என்று முதலிலேயே தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் பாதியைத்தான் வாங்கிக்கொள்கிறேன்.’

கீழே கையெழுத்து, அவ்வளவுதான். பதில் எழுதலாமா என்று காகிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன் அக்கா. அவர் எழுதியதில் நான் ‘இல்லை’ என்று சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை.

தம்பி